பின்னட்டைக்கு நூறு சொல்

நூறு சொல் போதும் என்கிறார் சாத்தப்பன்.
பார்கோடு போக அவ்வளவுதான் இடம்.
செக்காலை ரோட்டில் அவர் அச்சகம்,
புதுவயலில் எங்கள் சித்தப்பா மருந்துக்கடை.
நடுவே ஒரு மனிதனின் அறுபத்து மூன்று வருஷம்.

பிறந்தது 1931, பிரிப்யாத் ஆற்றுச் சதுப்பில்.
தேதி தெரியாது, பதிவேடு எரிந்துவிட்டது.
பன்னிரண்டு வயதில் ஊரும்.
வாத்தியார் படிப்பு. வட்டாரப் பத்திரிகையில் பிழை திருத்தம்.
பிறகு வடிகால் துறையில் நில அளவை:
தன்னை ஒளித்துவைத்த சதுப்பை வற்றடிக்க
பகலெல்லாம் குச்சி நட்டவன்
ராத்திரியில் அதையே எழுதினான்.
முதல் நாவல் முப்பதில்.
இரண்டாவது பதினோரு வருஷம் யாரோ ஒரு அதிகாரியின் மேசைக்குள்.
எண்பத்தாறில் காற்று அந்தப் பக்கம் வீசிய பிறகு
சொந்த ஊருக்குள் கால்வைக்க
அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது.
மரணம் 1994.

நான் கோமெலுக்குப் போனது டாக்டராக.
அப்பச்சி கோட்டையூர் மனையை விற்று அனுப்பினார்.
இங்கே எழுதும் தகுதித் தேர்வு ஐந்து முறை என்னைத் திருப்பியனுப்பியது.
இருந்தும் மாத்திரை அட்டையை நீட்டி
‘டாக்டரம்மா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.
அங்கிருந்து நான் கொண்டுவந்தது
ஒரு கம்பளிக் கோட்டு, புதுவயலில் எதற்கு,
அப்புறம் விடுதி ரேடியேட்டர் மேல்
யாரோ மறந்துபோன இந்தப் புத்தகம்.

சதுப்புக்கு அவனிடம் ஐந்து சொல்.
மிதித்தால் ஆடுவது, இழுப்பது,
பாசி மூடிக் கிடப்பது, நாறுவது, பெயரே ஊராய் ஆனது.
நானோ கண்மாய் வெடித்துக் கிடக்கும் சீமைக்காரி.
சேறு, சகதி, உளை என்று தேடி
கடைசியில் குறளுக்குள் கைவிட்டு
அளறு எடுத்தேன்.

பெயர்தான் முதல் தகராறு.
மாஸ்கோப் பதிப்பில் அவன் திமஃபேய்.
அவன் கையெழுத்தில் ஸிமோஹ்.
‘ரஷ்யப் பெயரே விக்கும்’ என்றார் சாத்தப்பன்.
ஸிமோஹ் அல்ஷெவ்ஸ்கி என்று போட்டேன்.
‘தும்மல் மாதிரி இருக்கு’ என்றார். விட்டுவிட்டார்.

இரண்டாவது தகராறு நாற்பத்தோராம் பக்கம்.
பெலருஸ் மொழியில் ஒரு வரி இருக்கிறது.
ரஷ்யத்தில் இல்லை.
மொழிபெயர்த்தது வேறு யாருமல்ல, அவனேதான்.
மூன்று வருஷம் கழித்து உட்கார்ந்து
ஒவ்வொரு காற்புள்ளியையும் கொண்டுபோயிருக்கிறான்.
அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு.

களஞ்சியம் பற்றுகிறது. பந்தம் பிடித்தவன் குனிகிறான்.
பையனிடம் கேட்கிறான், எங்கள் மொழியில்:
சிய் தி?
இரண்டே அசை.
அந்நியச் சிப்பாய்க்கு வராத உச்சரிப்பு.

அவன் பயந்து எடுத்தானா?
யாரோ சிவப்புப் பென்சிலால் சுழித்தார்களா?
அல்லது பந்தம் பிடித்தவனின் மனைவி
அடுத்த தெருவில் இன்னும் ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தாளா?
நூறு சொல்லுக்குள் இது அடங்காது.
அடங்கினாலும் எனக்குத் தெரியாது.

‘அவரே வேண்டாம்னு எடுத்ததை
நீ எதுக்கு ஒட்டவைக்கிறே?’
சாத்தப்பன் கேட்டது நியாயம்.
பதில் இல்லாமல் போனை வைத்தேன்.

மணி ஏழு. அரைவை மில் சங்கு.
பிள்ளை ஒன்று ஜுர மருந்துக்கு நிற்கிறது,
கையில் ஐம்பது ரூபாய் சுருட்டி.
பின்னாலிருந்து இன்சுலின் வாங்க வந்தவர்
குனிந்து சிரித்துக் கேட்கிறார்:
‘யாரு வீட்டுப் பிள்ளைடா நீ?’

இந்தச் சீமையில் வேறெப்படிக் கேட்பார்கள்.
கோயில், வளவு, பட்டப்பெயர் என்று
பிரியமாய் நீளும் பேச்சு இதில்தான் தொடங்கும்.
பையன் சொல்கிறான். அவர் தலையாட்டுகிறார்.
ஓ, அவுக வீடா.

பில் புத்தகத்தின் பின்பக்கம் திருப்பி
நாற்பத்தோராம் பக்கத்துக்கு எழுதினேன்
அவர் கேட்டபடியே,
அந்த ‘டா’வை மட்டும் எடுத்துவிட்டு.
பிறகு அதையும் சேர்த்தேன்.